உங்களுக்குத் தெரியுமா? ஒரு மன்னரின் பெயரே ‘மன்னர்’ ஆனது!

அரசரை ரஷ்யர்கள் ‘கொரோல்’ என்பார்கள். போலந்துக்காரர்கள் ‘க்ரூல்’, செக் மக்கள் ‘க்ரால்’. இவற்றை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் மீட்டெடுத்த தொல் ஸ்லாவியச் சொல் ‘கோர்ல்’. 814இல் மறைந்த பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் இயற்பெயரான ‘கார்ல்’தான் இதன் மூலம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. எந்த ஏட்டிலும் இல்லாத சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பசுவைக் குறித்த ‘கோர்வா’ என்ற தொல் வடிவத்தைப் பாருங்கள்: ரஷ்யத்தில் ‘கொரோவா’, போலிஷில் ‘க்ரோவா’, செக்கில் ‘க்ராவா’. சொந்தச் சொல்லும் கடனாக வந்த சொல்லும் ஒரே தடத்தில் திரிந்திருக்கின்றன. அப்படியானால், அந்தத் திரிபு முடிவதற்கு முன்பே ‘கார்ல்’ ஸ்லாவியர் வாயில் புழங்கியிருக்க வேண்டும். ஏறத்தாழ 800 வாக்கில் அவர்கள் பேச்சு இன்னும் பெரிதாகப் பிரியவில்லை என்பதற்கு இதைவிட அழகான சான்று அரிது. ரஷ்ய வடிவம் போலிஷிலிருந்து பின்னாளில் வந்தது என்று வாதிடுவோர் உண்டு. அதை ஏற்றாலும் போலிஷ், செக் வடிவங்களின் ஒழுங்கு குலையாது. ஆள்பெயர் பதவிப்பெயராவதும் புதிதல்ல: ‘சீசர்’ என்ற ரோமானியப் பெயர்தான் ரஷ்யாவில் ‘ஜார்’ ஆனது. ஸ்லாவியரிடமிருந்து ‘கோர்ல்’ என்ற சொல்லை ஹங்கேரியரும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் அரசர் இன்றும் ‘கிராய்’.