கதவு திறக்கும் சிறுகார்

சிவகாசியில் அட்டைப்பெட்டி வெட்டும் அச்சகம் ஒன்றிற்கு நீங்கள் சென்றிருந்தால், அங்கே 'டை' என்னும் கருவியைக் கண்டிருப்பீர்கள். ஒட்டுப்பலகையில் மெல்லிய பள்ளம் அறுத்து, எஃகுத் தகட்டுக் கத்திகளை வேண்டிய வடிவிற்கு வளைத்து அதிற் செருகியிருப்பர். அஃது அட்டையின்மேல் அழுந்தி எழுந்ததும் ஒரு சாளரத்துண்டு தனியே வந்துவிடும். அத்துண்டை வந்த துளையிலேயே வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரியாது பொருந்தும். கத்தி பொருளைப் பிளக்கிறதேயன்றித் தின்பதில்லை.

இந்த வேலையையே ரெசினால் வார்த்த சிறுகாரில் செய்ய முற்பட்டால் என்ன நேரும்? இரு திரவங்களைக் கலந்து சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்ற, அவை இறுகிக் காரின் உடலாகின்றன. அவ்வுடலில் கதவு என்று ஒன்று இல்லை. கதவின் எல்லையைக் காட்டும் கோடுதான் உண்டு. கோட்டைக் கதவாக்கவே வெட்டவேண்டும். ரெசினோ கடினமானது, எளிதில் நொறுங்குவது. அட்டையைப்போல் ஓர் அழுத்தில் அது பிளக்காது, இரம்பம் தேவைப்படுகிறது. இரம்பமோ தின்னும் கருவி.

எவ்வளவு தின்னும் என்று கணக்கிடுவோம். 2014 வரை உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் காரை 43இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால், அதன் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். மெல்லிய இரம்பம் ஒன்று 0.3 மில்லிமீட்டர் அகலத்தை அறுத்துப் பொடியாக்குகிறது என்று கொள்வோம். அதனை 43ஆற் பெருக்க, 13 மில்லிமீட்டர்! உண்மைக் காரில் கதவைச் சுற்றியுள்ள சந்து 5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், சிறுகாரில் அது 0.12 மில்லிமீட்டரே இருத்தல் வேண்டும். ஆகவே இரம்பத்தால் அறுத்த கதவு, விரல் நுழையும் சந்துடன், தன் சட்டத்தில் தளர்ந்து நிற்கும்.

இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, பொறுமை. கத்திமுனையின் பின்புறத்தால் கோட்டின்மேல் மென்மையாகப் பலமுறை கீறவேண்டும். உட்புறத்திலும் அவ்விடத்தைத் தேய்த்து மெலிதாக்கவேண்டும். ஒளிக்கு நேரே பிடித்தால் கோடு துலங்கும் அளவு மெலிந்தபின், கூரிய முனையால் விடுவிக்கலாம். மூலைகளில் முன்னரே நுண்துளையிட்டால் விரிசல் அங்கே நின்றுவிடும். மற்றொன்று, செலவு. ஒரே அச்சில் இரண்டு உடல்களை வார்த்து, ஒன்றில் கோட்டிற்கு வெளியே அறுத்துக் கதவையும், மற்றொன்றில் கோட்டிற்கு உள்ளே அறுத்து வாயிலையும் எடுப்பது. பின்னர் இரண்டையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தலாம். ஓர் உடல் வீணாகிறதே என்பர். அவசரத்தால் இரண்டு உடல்களை வீணாக்கியவர்கள் அவ்வாறு சொல்வதில்லை.

அறுக்குமுன் உட்புறத்தில் குறுக்காக ஒரு கோலை ஒட்டிவைத்தல் நன்று. கதவு போனபின் கண்ணாடித் தூண்கள் வலுவிழந்து உடல் விரியக்கூடும். தூளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பட்டாசு ஊர்களில் சிந்திய மருந்துத்தூளை ஏன் அஞ்சுகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ரெசின்தூள் வெடிமருந்து அன்று. ஆயினும் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். முகமூடி அணிந்து, நீர் தொட்டே தேய்த்தல் வேண்டும்.

கதவு கையில் வந்தபின்னரே கடினமான பகுதி தொடங்குகிறது. உண்மைக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. 2 மில்லிமீட்டர் தடித்த ரெசின் சுவரோ, அளவைப் பெருக்கிப் பார்த்தால் 86 மில்லிமீட்டர், கோட்டைக் கதவே! எனவே விளிம்புகளை உட்புறமாகச் சாய்த்துத் தேய்க்கவேண்டும்.

கீல் எங்கே அமைவது? வானொலியில் படம் காட்ட இயலாது. இரண்டு தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் முனையோடு முனை சேர்த்து வைத்து, ஒன்றைக் கதவென்றும் மற்றொன்றை முன்சக்கர மூடியென்றும் கொள்ளுங்கள். கதவுப்பெட்டியின் முன்முனையில், உள்மூலையை விரலால் அழுத்திக்கொண்டு அதனை வெளியே திருப்புங்கள். வெளிமூலை அடுத்த பெட்டியை இடிக்கும். வெளிமூலையை அழுத்தித் திருப்பினால் இடிக்காது. ஆனால் கீல் வெளியே தெரிந்தால் அழகு கெடும். எனவே பித்தளைக் கம்பியை அன்னத்தின் கழுத்தைப்போல் வளைத்து, ஒருமுனையைக் கதவின் உட்புறத்திலும், மறுமுனையைச் சக்கர மூடிக்கு உள்ளே ஒட்டிய சிறு குழாயிலும் செருகுவர். கதவு திரும்பும்போதே சற்று வெளியே தள்ளிச் செல்லும்.

வண்ணம் பூசுமுன், பூச்சின் தடிப்பிற்கும் இடம் விடுங்கள். சந்தின் இருபுறமும் அது படியும். வெறும் ரெசினாக இருக்கையில் இறுக்கமாகப் பொருந்திய கதவு, பூசியபின் திறவாது.