மீனா (இயங்குபடத் தொடர்)

மீனா என்பது தெற்காசியச் சிறுவர்களுக்காக ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் (யுனிசெஃப்) 1990களில் உருவாக்கிய இயங்குபடத் தொடர் ஆகும். பெண் குழந்தைகளின் கல்வி, உணவு, உடல்நலம், குழந்தைத் திருமணம், வரதட்சணை முதலியவை இதன் கருப்பொருள்கள் ஆகும். இத்தொடரின் முதன்மை இயக்குநர் இந்திய இயங்குபடத் துறையின் முன்னோடியான ராம் மோகன் (1931–2019) ஆவார்.

பின்னணி

சார்க் அமைப்பு 1990ஆம் ஆண்டைப் பெண் குழந்தை ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண் குழந்தைப் பத்தாண்டாகவும் அறிவித்தது. இதையொட்டி வங்காளதேசத்திலிருந்த யுனிசெஃப் அலுவலகம் இத்திட்டத்தைத் தொடங்கியது.

தமிழகத்திற்கும் இச்சிக்கல் அயலானதன்று. மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி வட்டாரத்தில் நடந்த பெண் சிசுக்கொலைகள் 1986இல் இதழ்கள் வாயிலாக நாடெங்கும் தெரியவந்தன. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் வருவது தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும். 1996இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தேனி தனி மாவட்டமானது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் விரிவாக்கப்பட்டது. பிறந்த பெண் குழந்தையைக் காப்பது அரசுத் திட்டத்தின் நோக்கம்; பிறந்தபின் அவளுக்கு வீட்டில் என்ன கிடைக்கிறது என்பதே மீனா தொடரின் கேள்வி.

பாத்திர உருவாக்கம்

பல சமயங்களும் மொழிகளும் கொண்ட நாடுகள் அனைத்திற்கும் ஒரே சிறுமி பொருந்த வேண்டும் என்பது எளிதான நிபந்தனையன்று. இந்துக்களும் முசுலிம்களும் வைக்கும் பெயர் என்பதால் "மீனா" தேர்வு செய்யப்பட்டது. உடையும் எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரியதாகத் தோன்றாதவாறு அமைக்கப்பட்டது. வரைபடங்களும் கதைகளும் கிராமத்து மக்களிடம் காட்டப்பட்டு, அவர்களது கருத்துக்கேற்பத் திருத்தப்பட்டன. தம்பி ராஜு, கைக்குழந்தை ராணி, பேசும் கிளி மிட்டு ஆகியோர் பிற முதன்மைப் பாத்திரங்கள்.

தயாரிப்பு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம் மோகன், 1956இல் பிலிம்ஸ் டிவிசனின் இயங்குபடப் பிரிவில் சேர்ந்தவர். தொடக்கப் பணிகள் மணிலாவில் இருந்த ஆன்னா-பார்பெரா நிறுவனத்தின் படக்கூடத்தில் நடைபெற்றன. பின்னர் மும்பையில் இருந்த ராம் மோகனின் நிறுவனத்தில் பணி தொடர்ந்தது.

அக்காலத்தில் இயங்குபடங்கள் கையால் வரையப்பட்டன. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு வரைபடத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் 10 நிமிடப் படத்தில் ஓர் உருவத்தை இடைவிடாது அசைக்க 7,200 வரைபடங்கள் தேவைப்படும். இதனால் அசையாத பின்னணி தனித்தாளில் ஒரு முறை மட்டுமே தீட்டப்படும். உருவங்கள் ஒளிபுகும் தகடுகளில் வரையப்பட்டு அதன்மேல் வைக்கப்படும். பேசும்போது வாய் மட்டும் மாற்றி வரையப்படுவதும் உண்டு.

உரையாடலை முதலில் ஒலிப்பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவை வரைவது வழக்கம். வேறு மொழிக்கு மாற்றும்போது இந்த வசதி இருப்பதில்லை. ப, ம போன்ற எழுத்துகளில் இதழ்கள் மூடும். படத்தில் வாய் திறந்திருக்கும் இடத்தில் அவை விழுந்தால் பொருத்தமின்மை உடனே தெரியும். எனவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இங்கு உதவாது.

கதைகள்

முதற்கதைகளுள் ஒன்றில், பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா தன் கிளியை வகுப்புக்கு அனுப்பி எண்ணக் கற்கிறாள். ஒரு கோழி குறைவதை எண்ணிக் கண்டறிவதால் திருடன் பிடிபடுகிறான். தந்தை அவளைப் பள்ளியில் சேர்க்கிறார். மற்றொன்றில், மரமேறி மாம்பழம் பறித்தவள் மீனா. பெரிய பங்கு ராஜுவுக்கு. ஒரு நாள் இருவரும் வேலைகளை மாற்றிக்கொள்ள, ராஜு களைத்துப் போகிறான். அதன்பின் உணவு சமமாகப் பங்கிடப்படுகிறது. இக்கதைகளில் பெற்றோர் கொடியவர்களாகக் காட்டப்படவில்லை. வழக்கத்தைக் கேள்வியின்றிப் பின்பற்றுபவர்களாகவே வருகின்றனர். பெற்றோரும் உடனமர்ந்து பார்க்க வேண்டிய தொடருக்கு இது பொருத்தமான தெரிவாகும்.

பரவல்

இத்தொடர் வங்காளம், இந்தி, உருது, நேபாளி உள்ளிட்ட பல மொழிகளில் வெளியானது. படக்கதை நூல்களும், பிபிசி உலக சேவையுடன் இணைந்து வானொலித் தொடரும் உருவாக்கப்பட்டன. செப்டம்பர் 24 மீனா நாளாகக் கொண்டாடப்படுகிறது. இதே முறையைப் பின்பற்றி, கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளுக்காக "சாரா" என்னும் தொடரை யுனிசெஃப் பின்னர் தயாரித்தது.