கருவறையைத் தொடும் அம்மை

கருவறையை இயற்கை கட்டிய கோட்டை என்று போற்றுவது நம் வழக்கம். ஊரெங்கும் நோய் பரவினும் உள்ளிருக்கும் சேய்க்கு ஊறு நேராது என்று மருத்துவரும் நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் ஆவார்.

1941ஆம் ஆண்டில், பிறவியிலேயே கண்புரை உடைய பச்சிளங் குழந்தைகள் மிகுதியாக அவரிடம் கொண்டுவரப்பட்டனர். பிறவிக் குறை என்றாலே பரம்பரையின் மீது பழி சுமத்துவது அக்கால வழக்கம். கிரெக் அதனோடு நிறைவு கொள்ளவில்லை. இத்தனை குடும்பங்களில் ஒரே காலத்தில் ஒரே குறை எவ்வாறு தோன்றும் என ஐயுற்றார். தாய்மாரின் பேச்சுக்குச் செவி கொடுத்தார். கருவுற்ற தொடக்கத் திங்கள்களில் தமக்கு 'ஜெர்மன் தட்டம்மை' கண்டதாக அவர்கள் கூறினர். பிற மருத்துவர்களிடமும் கேட்டுத் திரட்டிய 78 குழந்தைகளுள் 68 பேரின் தாய்மாருக்கு அந்நோய் கண்டிருந்தது. குழந்தைகள் பலருக்கு இதயக் கோளாறும் இருந்தது. செவிப்புலன் இழப்போ பின்னரே புலப்பட்டது. பேசும் வயது வந்தும் பேசாதபோதுதானே பெற்றோர் அதனை அறிய இயலும்! அவ்வாண்டு அக்டோபரில் மெல்போர்னில் அவர் வாசித்த கட்டுரையை ஏற்க மருத்துவ உலகம் சில ஆண்டுகள் தயங்கியது.

ரூபெல்லா எனப்படும் இந்நோய் தாய்க்கு மிக எளியது. இலேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, காதின் பின்புறம் நெறிகட்டுதல். சிலருக்கு அதுவும் இராது. எனினும் வைரஸ் தாயின் குருதி வழியே நஞ்சுக்கொடியைக் கடந்து கருவினுள் புகுகின்றது. முதல் 12 வாரங்களில்தான் கண், செவி, இதயம் ஆகியவை உருப்பெறுகின்றன. அப்போது செல்களின் பெருக்கம் தடைபடவே, உறுப்பு பாதி கட்டிய வீடு போல் நின்றுவிடுகின்றது. 20 வாரங்களுக்குப் பின் இவ்விடர் அரிது. 1964–65இல் அமெரிக்காவில் பரவிய நோயால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிக் குறையுடன் பிறந்தனர். 1969இல் அந்நாட்டில் தடுப்பூசி நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒன்றை மாணவியர் கருத்திற் கொள்ளல் வேண்டும். இத்தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். ஆதலின் கருவுற்றபின் இதனை இடுவதில்லை. முன்னரே இட்டுக்கொண்டு, ஒரு திங்களேனும் கருவுறாதிருத்தல் வேண்டும். கருவினுள் புகுந்த நோயைத் தீர்க்க மருந்தும் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயதுக்குட்பட்டோருக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இடத் தொடங்கியபோது, வதந்திக்கு அஞ்சிப் பிள்ளைகளைத் தடுத்த பெற்றோரும் இருந்தனர். அன்று ஊசியின்றி வீடு திரும்பிய சிறுமியருள் பலர் இன்று மண வயதை எட்டியுள்ளனர். தமக்கு ஊசி இடப்பட்டதா என்பதை அவர்கள் தாயிடம் கேட்டறியலாம். அவருக்கும் நினைவில்லையெனில் மணத்திற்கு முன் மருத்துவரை அணுகலாம். முன்னரே இட்டிருந்து, மீண்டும் ஒருமுறை இட்டுக்கொள்ள நேரினும் தீங்கில்லை.