குளிரில் ஒரு வெப்பக்கூடு

நுழையும்முன்
குளிர் மிகும்போது நாம் போர்வையை நாடுகிறோம். பாம்புக்குப் போர்வை போர்த்தினால் பயன் உண்டா? எளிய இவ்வினாவின் விடை, வெப்பத்தைப் பற்றி மட்டுமன்றி, ஓர் உயிரைப் பேணும் பொறுப்பைப் பற்றியும் நமக்கு உணர்த்துகிறது.

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பாம்பைச் செல்ல உயிரியாக வளர்ப்போர் பலர். அவர்கள் விரும்பி வளர்ப்பனவற்றுள் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவையும் நடு ஆப்பிரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பு. அஞ்சும்போது தலையை உள்ளே மறைத்து, உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்வதால் இப்பெயர் பெற்றது. வெம்மையான நிலத்துக்குரிய அவ்வுயிர், பனி பெய்யும் ஊரில் ஒரு பெட்டிக்குள் எவ்வாறு வாழ இயலும்?

வெப்பத்தைத் தேடும் உயிர்

பாலூட்டிகளும் பறவைகளும் உணவிலிருந்து பெறும் ஆற்றலைக் கொண்டு உடல்வெப்பத்தைக் காக்கின்றன. பாம்போ சூழலிலிருந்தே வெப்பத்தைப் பெறுகிறது. வெயிலிலும் சூடான பாறையிலும் கிடந்து உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. வெப்பம் மிகும்போது நிழலுக்கோ வளைக்கோ நகர்கிறது. போர்வை, உள்ள வெப்பத்தைக் காக்குமேயன்றிப் புதிதாக உண்டாக்காது. எனவே, குளிர்ந்த பாம்புக்கு அதனால் பயனில்லை.

போதிய வெப்பம் கிடைக்காத பாம்புக்குச் செரிமானம் தடைப்படும். விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்க, பாம்பு அதனைக் கக்கிவிடும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றுவதால் மூச்சுறுப்புகளில் தொற்றும் ஏற்படலாம்.

இரு முனைகள்

அவ்வாறாயின், பெட்டி முழுவதையும் சூடாக்கிவிடலாமா? கூடாது. பெட்டியின் ஒரு முனை ஏறத்தாழ 31 முதல் 32 பாகை செல்சியசும், மறுமுனை 25 முதல் 26 பாகையும் இருத்தல் வேண்டும். தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பாம்பே நகர்ந்து தேர்ந்துகொள்ளும். இரு முனைகளிலும் மறைவிடம் அமைத்தல் இன்றியமையாதது. ஒரு முனையில் மட்டும் மறைவிடம் இருந்தால், கூச்சமுள்ள பாம்பு வெப்பத்தைத் துறந்து மறைவையே நாடும்.

வெப்பவிரிப்போ, ஒளி உமிழாத பீங்கான் வெப்பூட்டியோ பயன்படுத்தப்படுகிறது. எதுவாயினும் அதனை வெப்பநிலைச் சீராக்கியுடன் இணைத்தல் வேண்டும். குறித்த அளவை எட்டியதும் அக்கருவி மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சீராக்கி இல்லாத வெப்பவிரிப்பு பாம்பின் தோலைச் சுட்டுவிடும். சுடும் பரப்பிலிருந்து பாம்பு உடனே விலகிவிடும் என நம்புதல் தவறு. விலகாமல் கிடந்து புண்பட்ட பாம்புகள் பல. பெட்டிக்குள் தொங்கும் வெப்பூட்டியைச் சுற்றிக் கம்பிவலை அமைப்பதும் இதற்காகவே. வெப்பம் காற்றை உலர்த்துமாதலால், நீர்க்கிண்ணம் எப்போதும் நிறைந்திருத்தல் வேண்டும்.

குளிர்கால இரவில் மின்சாரம் தடைப்பட்டால், வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கம்பளியால் போர்த்தலாம். காற்று புகச் சிறிது இடைவெளி விடல் வேண்டும். இப்போது போர்வைக்குப் பயன் உண்டு. காப்பதற்கு உள்ளே வெப்பம் இருக்கிறது! வெப்பம் சீராகும்வரை இரை கொடுத்தலாகாது.

தெரிந்துதெளிவோம்
அடைகாக்கும் இந்தியப் பெண் மலைப்பாம்பு, முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளைத் தொடர்ந்து துடிக்கச் செய்து சூழலைவிட மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகிறது. பாம்பு தானே வெப்பத்தை உண்டாக்கும் அரிய நிகழ்வு இது.

நம் நாட்டில் மலைப்பாம்பு, நல்லபாம்பு, சாரைப்பாம்பு முதலியவற்றைப் பிடிப்பதையும் வீட்டில் வளர்ப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. காட்டில் வாழும் பாம்புக்கு வெயிலும் நிழலும் வளையும் தாமே கிடைக்கின்றன. பெட்டிக்குள் அடைபட்ட பாம்புக்கோ, மனிதர் வைத்ததைத் தவிர வேறு வழியில்லை. ஓர் உயிரின் தேர்வுரிமையை நம் கையில் எடுத்துக்கொண்டால், அதனைத் திருப்பித் தரும் கடமையும் நம்முடையதே. பெட்டியின் இரு முனைகளும் அக்கடமையையே நினைவூட்டுகின்றன.