கோழிகளைத் தாக்கும் தொற்றுநோய்: கண்டறிதலும் காத்தலும்

தோட்டத்து வீடுகளின் பின்புறத்தில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகள் மேய்ந்து திரிவது நாம் அனைவரும் அறிந்த காட்சியாகும். பால்வெட்டுத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு அக்கோழிகள் ஒரு சிறு சேமிப்பு. மழையால் வேலை நாட்கள் குறையும்போதும், பள்ளி திறக்கும் காலத்திலும், தீபாவளிச் செலவிலும் அவை கை கொடுக்கின்றன. ஆயினும் இச்சேமிப்பு முழுவதையும் ஒரே வாரத்தில் அழித்துவிடக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதனை அறிந்து, வருமுன் காத்துக்கொள்ளும் வழிகளை இங்குக் காண்போம்.

நோயும் அதன் பெயரும்

1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. அதனால் 'நியூகாசல் நோய்' என்னும் பெயர் நிலைத்தது. நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தாரில் இது முதலில் அறியப்பட்டது. மலாய் மொழியில் இதனைச் 'சம்பார் ஆயாம்' என்பர். தமிழில் 'வெள்ளைக் கழிச்சல்' என்றும் 'இராணிக்கெட் நோய்' என்றும் வழங்குவதுண்டு. வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியே இதற்குக் காரணம். நோய் கண்ட கோழியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. ஆகவே தடுப்பது ஒன்றே வழி.

அறிகுறிகள்

கிருமி உடலில் புகுந்து இரண்டு முதல் பதினைந்து நாட்களுக்குள் நோய் வெளிப்படும். கோழி தீனி எடுக்காமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். மூக்கிலும் வாயிலும் சளி வடியும். எச்சம் நீராகப் பச்சை நிறத்தில் கழியும். இறக்கைகள் தொங்கும், கால்கள் செயலிழக்கும். கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை வானத்தைப் பார்த்தபடி திரும்பிவிடும். முட்டையிடும் பெட்டைகள் முட்டையை நிறுத்தும், அல்லது தோல் மெலிந்த, உருக்குலைந்த முட்டைகளை இடும். நோய் கடுமையாக இருந்தால், எந்த அறிகுறியும் காட்டாமலேயே கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோவதும் உண்டு. தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது மடிவது புதிதன்று.

கொண்டை மீதும் கண்ணைச் சுற்றியும் கொப்புளமும் பொருக்கும் காணப்பட்டால், அது பெரும்பாலும் கொசுக்களால் பரவும் கோழி அம்மை நோயாகும். அதற்கும் தனியே தடுப்பூசி உண்டு.

நோய் பரவும் விதம்

நோயுற்ற கோழியின் எச்சத்திலும் சளியிலும் கிருமிகள் நிறைந்திருக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அவை பல நாள் அழியாமல் இருக்கும். பெரும்பாலும் இந்நோயை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் நாமேதாம். சந்தையில் வாங்கிய புதுக்கோழி, உறவினர் கொடுத்த சேவல், கோழி வியாபாரியின் கூண்டு, நம் காலணி, பிறர் தோட்டத்திலிருந்து இரவல் வாங்கிய தீனித்தட்டு ஆகிய ஒவ்வொன்றும் கிருமியைச் சுமந்து வரக்கூடும். வாத்துகள் நோயின் அடையாளமின்றியே கிருமியைத் தாங்கி இருக்கலாம். ஆகையால் அவற்றைக் கோழிகளோடு சேர்த்து வளர்க்கலாகாது.

வருமுன் காத்தல்

முதலாவது, தடுப்பு மருந்து. நாட்டுக்கோழிகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு விடும் மருந்தை நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். அந்தி வேளையில் கோழிகள் கூட்டில் அடைந்தபின் பிடிப்பது எளிது. நலமாயுள்ள கோழிகளுக்கே மருந்து கொடுக்க வேண்டும். பாதுகாப்பு உண்டாக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மருந்தை வெயிலில் வைக்காமல் குளிர்ச்சியாகப் பாதுகாத்தல் அவசியம். பட்டிக்காட்டில் இது கடினம் என்பதனால், 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கி நிற்கும் மருந்தொன்றை உருவாக்கித் தீவனத்தில் கலந்து கொடுத்துச் சோதித்தனர். அப்பல்கலைக்கழகமே இன்று மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் என வழங்குகிறது.

லயத்தில் ஒரு வீட்டார் மட்டும் மருந்து கொடுப்பது போதாது. கோழிகளுக்கு வேலி தெரியாது. எல்லா வீட்டாரும் ஒரே நாளில் கொடுத்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

இரண்டாவது, புதுக்கோழிகளை மூன்று வாரம் தனிக்கூட்டில் வைத்துக் கவனித்தபின் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். மூன்றாவது, கூட்டைக் கூட்டிச் சுத்தப்படுத்தி, வெயில் படும்படி திறந்து வைக்க வேண்டும்.

நோய் வந்துவிட்டால்

இங்கேதான் நம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். 'சாவதற்குள் விற்றுவிட்டால் பாதிப் பணமாவது மிஞ்சும்' என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு விற்கப்படும் ஒவ்வொரு கோழியும் மற்றோர் ஏழைக் குடும்பத்தின் கூட்டுக்கு நோயைக் கொண்டுசெல்கிறது. செத்த கோழியை ஆற்றிலோ கால்வாயிலோ எறிவதும், நோயுற்றதை அறுத்து உண்பதும் கூடா. இறகு பறிக்கும் இடத்திலேயே கிருமி சிதறும்.

மேலும், பறவைக் காய்ச்சலும் இதே போன்ற அடையாளங்களுடன் வரும். தலை வீங்குதல், கொண்டையும் தாடியும் கருநீலமாதல், திடீர் மரணம் ஆகியவை அதில் காணப்படும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆய்வுக்கூடமே உறுதி சொல்ல முடியும். நியூகாசல் கிருமி மனிதருக்குப் பெரும்பாலும் சில நாள் கண்வலியைத் தரும். பறவைக் காய்ச்சலோ உயிரைக் கொல்லும். 1997-இல் ஹாங்காங்கில் அது 18 பேரைத் தாக்கி, 6 பேரைப் பலிகொண்டது. நம் நாட்டிலும் 2004 ஆகஸ்டில் கிளந்தான், தும்பாட் வட்டாரத்துக் கோழிகளிடையே அது கண்டறியப்பட்டது.

ஆகையால் கோழிகள் காரணமின்றி மடியத் தொடங்கினால், குழந்தைகளை அவற்றின் அருகே விடாதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். எஞ்சிய கோழிகளை அடைத்து வையுங்கள். தோட்ட அலுவலகத்திற்கும், அண்மையிலுள்ள கால்நடை மருத்துவ இலாகாவிற்கும் அன்றே தெரிவியுங்கள். அதிகாரிகள் பார்த்தபின், அவர்கள் சொற்படி செத்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழக் குழியில் புதையுங்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

மறைப்பதால் கோழி பிழைப்பதில்லை. உடனே சொல்வதால் பக்கத்து வீட்டுக் கூடு பிழைக்கும்; சில வேளை ஒரு குழந்தையின் உயிரும் பிழைக்கும். வேலை முடிந்து திரும்பும் இன்றைய மாலையிலேயே நம் கூட்டை ஒருமுறை பார்வையிடுவோம். அண்டை வீட்டாருடன் கலந்து பேசி, தடுப்பு மருந்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்வோம்.