கடலையும் ஊதா விளக்கும்

ஊருக்குச் சென்று திரும்பும் நம் குடும்பத்தார் எவர் பெட்டியைத் திறந்தாலும் ஒரு பை நிலக்கடலை இருக்கக் காணலாம். இங்குள்ள கடைகளில் கடலைக்குப் பஞ்சமில்லை. எனினும் நம் ஊர்க் கடலையின் சுவை வேறு என்பது நம் கட்சி. அப்பை மழைக்கால இரயில் பயணத்தில் நனைந்து, அலமாரி மூலையில் இரண்டு திங்கள் கிடந்து, ஒருநாள் திறந்து பார்க்கையில் சில பருப்புகளின்மேல் பச்சை படர்ந்திருக்கும். எறியவோ மனம் வராது. அண்மையில் சங்கத்து அன்பர் ஒருவர் அத்தகைய பையுடன் ஒரு வினாவையும் கொண்டுவந்தார். கடைக்காரர்கள் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின்கீழ் இக்கடலையை வைத்தால் நஞ்சு தெரிந்துவிடுமாமே, உண்மையா என்று வினவினார்.

பாதி உண்மை. அந்தப் பாதியின் வரலாறு அறியத்தக்கது.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இறந்தவை ஓர் இலட்சத்துக்கும் மேல். காரணம் விளங்காமையால் அந்நோயை 'எக்ஸ்' என்ற எழுத்தாலேயே குறித்தனர். தேடியவர்கள் இறுதியில் வந்து நின்ற இடம், பிரேசில் நாட்டிலிருந்து தீவனத்துக்காக வந்திருந்த கடலைப் பிண்ணாக்கு. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் அதில் ஒரு நஞ்சை விளைவித்திருந்தது. பூஞ்சணத்தின் பெயரையே சுருக்கி அந்நஞ்சை அஃப்ளடாக்சின் என்று அழைத்தனர். அது கல்லீரலைக் கெடுப்பது. சிறுகச் சிறுக நெடுநாள் உட்கொண்டால் அங்கே புற்றுநோயையும் விளைப்பது.

சில பொருள்கள், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி, அக்கணமே புலனாகும் நிறமாக வெளியிடும் இயல்புடையன. 1852இல் இவ்வியல்புக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். தமிழில் உடனொளிர்வு என்கிறோம். பிண்ணாக்கிலிருந்து வடித்த சாற்றை மெல்லிய பூச்சிட்ட தகட்டின்மேல் ஊர்ந்தேறச் செய்து, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துப் புற ஊதா விளக்கின்கீழ் வைத்தபோது, சில புள்ளிகள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன. அவ்விரு நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளே நஞ்சின் வகைகளுக்குப் பெயராயின. பி1, பி2, ஜி1, ஜி2 என்றே இன்றும் வழங்குகின்றன. வாத்துக்குஞ்சுகளுக்கு ஊட்டி, நாட்கணக்கில் காத்திருந்து அறிய வேண்டியிருந்ததை ஒளி விரைவில் காட்டிக் கொடுத்தது.

காட்ட வேண்டிய அளவோ மிகச் சிறிது. பதப்படுத்தச் செல்லும் கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. நூறு கிலோ மூட்டைகள் பத்தை அடுக்கினால், அத்தனையிலும் சேர்ந்து ஓர் அரிசிமணியின் எடைகூட இருக்கக் கூடாது! இக்காலத்து ஆய்வுக்கூடங்களில் கடலையை அரைத்து, மெதனாலும் நீரும் கலந்து சாறு எடுத்து, விரலளவுள்ள ஒரு குழாயின் வழியே செலுத்துகின்றனர். குழாயினுள் இருக்கும் எதிர்ப்பொருள் இந்நஞ்சை மட்டும் பற்றிக்கொள்ளும். ஏனையவை கழுவப்பட்டு நீங்கும். பின்னர் நஞ்சைப் பிரித்தெடுத்து, ஒளி மிகும்பொருட்டுச் சிறிது புரோமின் கரைசல் சேர்த்துக் கருவியில் வைத்தால் அளவு எண்ணாகத் தெரியும். சாறு எடுத்தபின் அரைமணி நேரத்துக்குள் முடியும் வேலை இது.

ஒளியை நம்புமுன் கலப்பை நீக்க வேண்டும் என்பதே இதில் உயிர்நிலை. வேறு பல பொருள்களும் நீலமாக ஒளிரும். உடைந்த மக்காச்சோளம் விளக்கின்கீழ் பசுமஞ்சளாக மின்னினால் அது அஃப்ளடாக்சினே அன்று. அதே பூஞ்சணம் உண்டாக்கும் கோஜிக் அமிலத்தால் வருவது. ஐயத்துக்கு இடமுண்டு என்று மட்டுமே அது சொல்லும். மின்னாவிட்டாலும் நிம்மதியில்லை; நஞ்சு பருப்பின் உள்ளே இருக்கலாம். ஒரு பருப்பில் மிகுந்தும் அடுத்ததில் இல்லாமலும் இருப்பது இதன் கொடுமை. எனவே அன்பரின் விளக்கு நோட்டுக்கு ஆகும், கடலைக்கு ஆகாது.

வடபுலத்தில் வாழும் நாம் 1974ஆம் ஆண்டை நினைவிற் கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு, இராஜஸ்தானத்துப் பான்ஸ்வாடா, குஜராத்துப் பஞ்சமஹால் மாவட்டங்களின் சிற்றூர்களில் 397 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். 106 பேர் மாண்டனர். அவ்வீட்டு நாய்களும் நோயுற்றன. அவர்களும் எறிய மனமின்றி உண்டவர்களே. வேறு தானியம் இல்லாத ஏழைகள். நமக்கோ அந்த நெருக்கடி இல்லை.

வறுத்தால் போகாதோ என்பர். வறுப்பதால் சிறிது குறையும், ஒழியாது, கழுவினாலும் அப்படியே. உலர்ந்த நல்ல கடலையில் சுருங்கியதும் நிறம் மாறியதும் கசப்பதும் ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எறிவது பெரிதும் பயன் தரும். நனைந்து பூத்த பையைப் பொறுக்கிப் பயனில்லை.

இவ்வளவும் கேட்டபின் அன்பர், "அப்படியானால் தெருவில் வரும் பசுவுக்காவது வைத்துவிடட்டுமா?" என்றார். பசு அதை உண்டால் பி1 அதன் உடலில் எம்1 என்னும் நஞ்சாக மாறிப் பாலில் இறங்கும். பாலுக்கு விதித்த வரம்பு இன்னும் கடுமையானது. கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். அந்தப் பாலை எவர் வீட்டுக் குழந்தை குடிக்குமோ! அன்பர் பையைக் குப்பையில் சேர்க்க இசைந்தார். துணிப்பையை மட்டும் வெந்நீரில் துவைத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.