புறம் பேசுதலுக்கு எதிர்ச்சொல் எது?



ஏற்காடு மலையில் கரடியூர் போன்ற சிற்றூர்களில் வாழ்வோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. காலையில் காப்பித் தோட்டத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லப்படும் சொல், மஃக்ரிபு தொழுகைக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

அண்மையில் மதரஸாவில் ‘ஃகீபத்’ பற்றிப் பாடம் நடத்தியபோது ஒரு சிறுமி எழுந்து, “ஹஜ்ரத்! புறம் பேசுவதற்கு எதிர்ச்சொல் என்ன?” என்று கேட்டாள். “மௌனம்” என்றேன். ஆனால் அவ்விடை என் உள்ளத்தை உறுத்திற்று. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இளைஞரின் திருமணப் பேச்சு நடந்த சபையில் ஒருவர் அவரைப் பற்றித் தவறான செய்தியைக் கூறினார். அது உண்மையன்று என்று அறிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அச்சம்பந்தம் முறிந்தது. என் மௌனமே அச்சொல்லுக்குச் சாட்சியாகிவிட்டது.

ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாதபோது கூறுவது ஃகீபத். இல்லாத குறையைக் கூறுவது ‘புஹ்தான்’ எனும் அவதூறு என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். திருக்குர்ஆன் (49:12) புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடுகிறது. இறந்தவன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவன். சபையில் இல்லாதவனும் அவ்வாறே. ஆகவே அவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

தபூக்கில் ஒலித்த சொல்

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் பயணத்தில் கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் கலந்துகொள்ளவில்லை. தபூக்கில் நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தபோது, கஅபின் குலத்தாரில் ஒருவர், ஆடையழகும் தற்பெருமையுமே அவரைத் தடுத்துவிட்டன என்ற கருத்தில் பேசினார். உடனே முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்கள் அச்சொல்லைக் கண்டித்து, கஅபிடம் நன்மையைத் தவிர வேறெதையும் நாங்கள் அறியவில்லை என்றார்கள். நபியவர்கள் மௌனமாக இருந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கஅப் அவர்கள் உண்மையாகவே தவறியிருந்தார்கள். ஐம்பது நாட்கள் ஊர்விலக்கில் இருந்த பின்னரே அவர்களது தவ்பா ஏற்கப்பட்டது. முஆத் அவர்கள் அத்தவறை நியாயப்படுத்தவில்லை, பொய்யும் கூறவில்லை. தாம் அறிந்த நன்மையை மட்டுமே கூறினார்கள். பிற்காலத்தில் இச்சம்பவத்தைத் தாமே அறிவித்த கஅப் அவர்கள், முஆதின் பெயரைச் சொன்னார்கள். குறை கூறியவரையோ ‘ஒரு மனிதர்’ என்று மட்டுமே குறிப்பிட்டார்கள். புகாரீ, முஸ்லிம் நூல்களில் இன்றும் அவ்வாறே உள்ளது.

எதிர்ச்சொற்கள் நான்கு

இச்சம்பவத்திலேயே இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. முஆத் செய்தது, இல்லாதவரின் மானம் காத்தல். கஅப் செய்தது ‘ஸத்ர்’, அதாவது பிறர் குறையை மறைத்தல். மூன்றாவது ‘இஸ்லாஹ்’: கோள் சொல்பவன் பிரிக்கிறான்; சமாதானம் செய்பவன் நல்ல சொல்லைக் கொண்டு சேர்க்கிறான். நான்காவது, இல்லாதவருக்காகச் செய்யும் துஆ. அதற்கு ஒரு மலக்கு ஆமீன் கூறி, உனக்கும் அதுபோன்றே கிடைக்கட்டும் என்கிறார் என்று ஹதீஸில் வந்துள்ளது.

தமிழிலும் திருக்குறளின் 19ஆம் அதிகாரம் ‘புறங்கூறாமை’. ஆனால் அதற்கு வெகு முன்பே, 10ஆம் அதிகாரமாக ‘இனியவை கூறல்’ அமைந்துள்ளது.

அப்படியாயின் குறையைச் சொல்லவே கூடாதா? ஆலோசனை கேட்பவரிடம் உண்மையை மறைப்பது துரோகம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசித்தபோது, நபியவர்கள் அவ்விருவரின் நிலையையும் வெளிப்படையாகவே கூறினார்கள். புறங்கூறல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களுள் இதனையும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சேர்த்துள்ளார்கள். ஆயினும் கேட்டவரிடம் மட்டும், தேவையான அளவு மட்டும், அறிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களே! இன்றிரவு உணவு விரிப்பில் ஒருவரின் பெயர் எழுந்தால், பிள்ளைகள் கேட்க அவரிடமுள்ள ஒரு நன்மையைச் சொல்லுங்கள். அச்சிறுமிக்கு நானும் விடையைத் திருத்திச் சொல்லிவிட்டேன்: “மௌனம் பாதி விடைதான் மகளே, நற்சாட்சியே முழு விடை.”

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பிறர் மானம் காக்கும் அரணாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.